கழிப்பறையில் நீர் ஏன் வலுவாக இறங்குவதில்லை?

மின்விளக்கு எரியாவிட்டால் அன்றே பணியாளரை அழைக்கிறோம். கூரை ஒழுகினால் அடுத்த மழைக்குள் சீர்செய்ய முனைகிறோம். ஆனால் கழிப்பறையில் நீர் வலுவின்றி இறங்கும் குறையை மட்டும் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்வது நம் குடும்பங்களில் வழக்கமாக இருந்து வருகிறது. ஒரு முறை விசையை அழுத்தியது போதாவிட்டால் மறுமுறை அழுத்துகிறோம். அதுவும் பயன்படாதபோது ஒரு வாளி நீரை ஊற்றுகிறோம். பொறுமை தீரும் நாளில், குறை எந்த இடத்தில் இருக்கிறது என்று பாராமலே ஆசிட் புட்டியை எடுக்கிறோம். அல்லது கழிவு உறிஞ்சும் லாரியை வரவழைக்கிறோம். சில இடங்களில் தொட்டிக்குள் இறங்க ஆளைத் தேடுகிறோம்.

குறையின் இடத்தை முதலில் அறிந்து, அதன் பின்னரே பரிகாரத்தை நாடுவதுதான் முறை. அவ்வாறு அறிவதற்குப் பெரிய கருவிகள் எவையும் தேவையில்லை. ஒரு வாளி, ஒரு சிறு முகக்கண்ணாடி, ஒரு கைவிளக்கு, சில துளி வண்ணம் ஆகியவை போதும். இவற்றைக் கொண்டு அரை மணி நேரத்தில் எந்தக் குடும்பமும் செய்யக்கூடிய சோதனைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லையூர் ஒன்றின் நிலை

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலத்தின் கடைசி ஊராக அமைந்திருப்பது அத்திபெலே. பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில் கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளும் கடைத்தெருவில் சரளமாகப் புழங்குகின்றன. தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையும் வேலை தேடி வந்தவர்களை ஈர்த்தன. வந்தவர்கள் தங்குவதற்கு வரிசை வீடுகளும் மாடிக் குடியிருப்புகளும் எழுந்தன. ஊர் வளர்ந்த வேகத்தில் குழாய்களும் கழிவுநீர் வசதிகளும் வளர்வது எங்கும் எளிதன்று. ஆகவே இத்தகைய ஊர்களில் பல வீடுகளின் கழிப்பறைகள் செப்டிக் தொட்டியையோ குழியையோ நம்பியே இயங்குகின்றன.

நீரின் நிலையும் கவனத்திற்குரியது. ஆனேக்கல் வட்டத்தை, ஆண்டுதோறும் ஊறும் அளவைக் காட்டிலும் மிகுதியாக நீர் எடுக்கப்படும் பகுதி என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் வகைப்படுத்தியுள்ளன. அடியில் இருப்பது கருங்கல் இனப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கிய நீரை ஆழ்துளைக் கிணறுகள் மேலே கொணர்கின்றன. பாறையுடன் நெடுங்காலம் உறவாடிய நீரில் சுண்ணாம்புச் சத்து மிகுந்திருப்பது இயல்பு. ஆக, நீரின் அளவும் குறைவு. கிடைக்கும் நீரும் கடினமானது. இவ்விரு பண்புகளும் கழிப்பறையில் எவ்வாறு வெளிப்படுகின்றன என்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஐவர் உள்ள குடும்பத்தில் ஒரு நாளைக்கு 25 முறை கழிப்பறை பயன்படுகிறது எனக் கொள்வோம். அவற்றுள் 10 முறை மட்டும் இரண்டாம் தடவை விசையை அழுத்த நேர்ந்தால், ஒரு தடவைக்கு 6 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 60 லிட்டர் கூடுதலாகச் செலவாகும். ஓராண்டில் இது 21,900 லிட்டர். 6,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் நான்கிற்குச் சற்றுக் குறைவான நீர் இது. 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாடு நிலவியபோது, 5 கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவுக்கு 6,000 லிட்டர் லாரி ஒன்றின் விலை 600 ரூபாய் என்று பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் வரையறுத்தது. ஒரு ரப்பர் வால்வின் கோளாறு ஆண்டுக்கு எவ்வளவு பணத்தைக் கொண்டுபோகும் என்பதை வாசகர்கள் இதிலிருந்து கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நீரின் அளவா, வேகமா?

கழிவை அகற்றுவது நீரின் அளவு மட்டுமன்று; அது பாயும் வேகமே முதன்மையானது. 6 லிட்டர் நீர் 3 நொடியில் கோப்பைக்குள் பாய்ந்தால், நொடிக்கு 2 லிட்டர் என்னும் வலுவான வீச்சுக் கிடைக்கிறது. அதே 6 லிட்டர் 10 நொடியில் சொட்டிச் சொட்டி இறங்கினால், நீர் முழுவதும் செலவாகும். ஆனால் கழிவு இருந்த இடத்திலேயே இருக்கும்.

கோப்பையின் அடியில் குழாய் வளைந்து மேலேறிப் பின் கீழிறங்குவதைக் காணலாம். இவ்வளைவைப் பணியாளர்கள் டிராப் என்பர். இதில் எப்போதும் நீர் தேங்கி நிற்பதால், சாக்கடையின் நாற்றமும் பூச்சிகளும் வீட்டுக்குள் வருவதில்லை. 1775-ஆம் ஆண்டில் லண்டனில் அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரத் தொழிலாளர் இதற்குக் காப்புரிமை பெற்றார். பீங்கானும் நெகிழியும் எத்தனையோ மாறியும் அடிப்படை வளைவு இன்றளவும் மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் பாயும் நீர், இந்த வளைவின் மேட்டைத் தாண்டிக் கழிவைத் தள்ளிச் செல்ல வேண்டும். தள்ளும் வலு குறைந்தாலும், தள்ளப்படும் வழி குறுகினாலும் விளைவு ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால் கண்ணால் பார்த்த அளவில் காரணத்தை ஊகிப்பது தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும்.

வாளிச் சோதனை

இவ்விரு காரணங்களையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. ஒரு வாளியில் சுமார் 8 லிட்டர் நீரை எடுத்து, இடுப்பளவு உயரத்திலிருந்து கோப்பைக்குள் ஒரே வீச்சில் ஊற்றவேண்டும். நீர் விளிம்பு வரை ஏறிவிடுமோ என்ற ஐயம் இருந்தால் முதலில் பாதி வாளியோடு தொடங்கலாம்.

ஊற்றிய நீர் உடனே, ஒரு முழக்கத்தோடு, கழிவையும் இழுத்துக்கொண்டு இறங்கினால் கோப்பைக்கு அப்பாலுள்ள வழி தடையின்றி இருக்கிறது என்று பொருள். குறை, ஃப்ளஷ் தொட்டியிலோ கோப்பையின் விளிம்புத் துளைகளிலோதான் இருக்க வேண்டும். மாறாக, நீர் கோப்பைக்குள் உயர்ந்து நின்று மெல்ல மெல்ல வடிந்தால், தொட்டியைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. தடை டிராப்பிலோ, குழாயிலோ, அதற்கும் அப்பால் செப்டிக் தொட்டியிலோ உள்ளது.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமையால் வீணாகும் செலவு கொஞ்சமன்று. தொட்டியின் வால்வு தேய்ந்த வீட்டிற்குக் கழிவு லாரி வருகிறது; குழாய் அடைத்த வீட்டில் புதுத் தொட்டி பொருத்தப்படுகிறது.

தொட்டியில் குறை இருந்தால்

வாளி நீர் நன்றாக இறங்கிற்று எனில், அடுத்து ஃப்ளஷ் தொட்டியின் மூடியை எடுத்துப் பார்க்கவேண்டும். உட்சுவரில் நீர் நிற்க வேண்டிய மட்டம் கோடாகக் குறிக்கப்பட்டிருக்கும். கோடு இல்லாவிட்டால், நடுவில் நிற்கும் மிகைநீர்க் குழாயின் வாய்க்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கீழே நீர் நிற்பது சரியான அளவாகும். அதற்கும் தாழ்ந்திருந்தால், மிதவையின் திருகைச் சற்றே திருப்பி மட்டத்தை உயர்த்தலாம். தண்ணீரைச் சேமிக்கும் நல்லெண்ணத்தோடு தொட்டிக்குள் செங்கல் இட்டு வைக்கும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. செங்கல் நாளடைவில் கரைந்து மணலாகி வால்வுக்கு அடியில் சேர்கிறது. மேலும், வீச்சுக் குறைந்து இருமுறை அழுத்த நேரும்போது சேமிப்பே செலவாக மாறிவிடுகிறது.

மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அழுத்தம் குறைவு என்பதே பலர் கூறும் காரணம். சாதாரண ஃப்ளஷ் தொட்டியைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது. வரும் நீரின் அழுத்தம், தொட்டி நிரம்பும் நேரத்தை மட்டுமே தீர்மானிக்கிறது. பாயும் வேகத்தைத் தீர்மானிப்பவை தொட்டியில் நிற்கும் நீரின் மட்டமும் அடிவால்வின் திறப்பும் ஆகும். ஆனால் பலர் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் வரிசை வீடுகளில், காலை வேளையில் தொட்டி நிரம்பும் முன்பே அடுத்தவர் விசையை அழுத்துகிறார். அங்கே குறை இருப்பது நீரை உள்ளே விடும் குழாயின் வடிகட்டியில். அதில் மணலும் சுண்ணாம்புத் துகளும் படிந்து வழியை அடைத்திருக்கும். அதைக் கழற்றிக் கழுவினால் போதும்.

தொட்டியே இல்லாமல், குழாயிலிருந்து நேரடியாக நீரை விடும் ஃப்ளஷ் வால்வுகளின் நிலை வேறு. இவற்றிற்கு நல்ல அழுத்தமும் அகலமான குழாயும் இன்றியமையாதவை. மொட்டை மாடித் தொட்டிக்கு நேர் கீழேயுள்ள மேல்தளக் குடியிருப்புகளில் நீரின் உயர வேறுபாடு மிகக் குறைவாக இருப்பதால் இவை வலுவாக இயங்குவதில்லை. கீழ்வீட்டில் நன்றாக வேலை செய்யும் அதே வால்வு மேல்வீட்டில் தோற்பதற்கு இதுவே காரணம். இங்கு வால்வை மாற்றுவதைவிட, ஃப்ளஷ் தொட்டி ஒன்றைப் பொருத்துவதே சிக்கனமானது.

இனி அடிவால்வு. விசையை அழுத்தும்போது இது முழுமையாக உயர்ந்து, நீர் பெரும்பகுதி இறங்கும் வரை திறந்தே நிற்கவேண்டும். சங்கிலி தளர்ந்திருந்தாலோ, இரு பொத்தான் கொண்ட வகையில் பொத்தானின் தண்டு குட்டையாக இருந்தாலோ வால்வு அரைகுறையாகவே எழும்பும். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் பொத்தானை அழுத்த, மற்றொருவர் பார்த்தால் குறை கண்ணுக்குத் தெரியும். வால்வின் ரப்பர் தேய்ந்து கசிகிறதா என்றறிய, தொட்டி நீரில் சில துளி நீல மையையோ சமையல் வண்ணத்தையோ இட்டு, 20 நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் விடவேண்டும். கோப்பையில் நிறம் தென்பட்டால் கசிவு உறுதி. பத்து நிமிடத்திற்கு ஒரு லிட்டர் வீதம் கசிந்தால் நாளொன்றுக்கு 144 லிட்டர் போகிறது. கழிவுநீர்க் குழாய் வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாள் முழுமைக்கும் வழங்கத்தக்கது என்று மத்திய அரசின் நெறிமுறை கூறும் அளவே 135 லிட்டர்தான்.

பழைய வீடுகளில் தலைக்கு மேல் சங்கிலியோடு தொங்கிய இரும்புத் தொட்டிகளை நினைவில் கொண்டுள்ளோர் இருப்பர். 12.5 லிட்டர் நீர் அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததால், அவற்றிற்குக் குறுகலான இறங்குகுழாயே போதுமானதாயிற்று. அதே குழாயை விட்டுவைத்துத் தொட்டியை மட்டும் தாழ்வான நெகிழித் தொட்டியாக மாற்றும் வீடுகளில் நீர் வலுவிழப்பது வியப்பன்று. உயரம் குறைந்தால் குழாயின் அகலம் கூடவேண்டும் என்பது தரநிர்ணய விதிகளிலேயே இடம்பெற்றுள்ள செய்தி.

சுண்ணாம்பின் செயல்

தொட்டி சரியாக இருந்தும் வீச்சு இல்லையெனில் கோப்பையின் விளிம்பைப் பார்க்கவேண்டும். விளிம்பின் அடிப்பகுதியில் வரிசையாகச் சிறு துளைகள் உள்ளன. நேராகக் குனிந்தால் இவை தெரியா. முகக்கண்ணாடியை நீரின் மேல் சாய்த்துப் பிடித்துக் கைவிளக்கு அடித்தால் நன்கு புலப்படும். அத்திபெலே போன்று ஆழ்துளை நீரை நம்பிய ஊர்களில், குறை இங்கே இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

கடின நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்த நிலையில் இருக்கிறது. துளைகளின் ஓரத்தில் ஒவ்வொரு தடவையும் எஞ்சும் துளி உலரும்போது கரியமில வாயு பிரிந்து, கரையாத சுண்ணாம்பு படிந்துவிடுகிறது. ஒரு நாளில் படிவது கண்ணுக்குத் தெரியாது. ஆண்டுகள் சில கழிந்தால் துளையே குறுகிவிடும். துளையின் விட்டம் பாதியானால் நீர் செல்லும் பரப்பு நான்கில் ஒன்றாகிவிடும் என்பது பள்ளிக் கணிதம். குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் இல்லாவிடத்து 600 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தரநிர்ணயம் கூறுகிறது. குடிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளத்தக்க அந்த மேல்வரம்பு, கழிப்பறைத் துளைகளுக்குப் பெரும் பகையாகும்.

இப்படிவத்தைக் கரைக்க மெல்லிய அமிலமே போதும். கடையில் எலுமிச்சை உப்பு என்று விற்கப்படும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்தோ, வினிகரையோ பழந்துணியில் நனைத்து, விளிம்பின் அடியில் இரவு முழுவதும் ஒட்டிவைக்கலாம். காலையில் இளகிய படிவத்தை வளைந்த கம்பியால் துளைதோறும் குத்தி எடுத்துவிட்டு ஒரு வாளி நீரால் கழுவவேண்டும்.

வீதிகளில் விற்கப்படும் கடும் ஆசிட் இவ்வேலையை விரைவாகச் செய்யும் என்பது உண்மையே. ஆனால் அது சிமெண்டு இணைப்புகளையும் உலோகப் பகுதிகளையும் அரிக்கிறது. மிகுதியாகச் சென்றால் செப்டிக் தொட்டியில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் அழிக்கிறது. எல்லாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரையோ அதன் இனத்தைச் சேர்ந்த திரவத்தையோ சேர்க்கவே கூடாது. அவ்விரண்டும் கலந்தால் குளோரின் வாயு எழும். காற்றோட்டமில்லாத சிறு அறையில் அது உயிருக்கே கேடு விளைவிக்கும்.

கோப்பைக்கு அப்பால்

வாளி நீர் மெல்ல வடிந்தது எனில், அடைப்பு எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதே அடுத்த கேள்வி. வீட்டின் பிற வடிகால்களைக் கவனித்தால் விடை கிடைக்கும். இந்த ஒரு கோப்பை மட்டும் தேங்கி, வீட்டிலுள்ள மற்றொரு கழிப்பறை நன்றாக இருந்தால் அடைப்பு அருகிலேயே, பெரும்பாலும் டிராப்பில் இருக்கும். துணி, சானிட்டரி நாப்கின், ஈரத்தாள், சோப்புத் துண்டு, குழந்தையின் விளையாட்டுப் பொருள் ஆகியவையே வழக்கமான காரணங்கள். ரப்பர்க் கிண்ணம் பொருத்திய கைப்பம்பைக் கோப்பையின் வாயில் இறுக அழுத்தி மேலும் கீழும் பலமுறை இயக்கினால் பெரும்பாலான அடைப்புகள் இளகிவிடும். இளகாதவற்றைச் சுருள்கம்பி கொண்டு எடுக்கவேண்டும். கடினமான கோலை விட்டு இடிப்பது பீங்கானை உடைப்பதில் முடியும்.

எல்லாக் கழிப்பறைகளும் ஒருசேரத் தேங்கினால் அடைப்பு பொதுக்குழாயில் உள்ளது. வெளியே உள்ள சேம்பரின் மூடியைத் திறந்து பார்க்கலாம். அங்கே கழிவு நிரம்பி நின்றால் தடை அதற்கு அப்பால். வறண்டிருந்தால் வீட்டிற்கும் சேம்பருக்கும் இடையில். சேம்பர்தோறும் இவ்வாறு பார்த்துச் சென்றால் அடைப்பு எந்த இரு குழிகளுக்கு இடையில் உள்ளது என்பது திண்ணமாகும்.

அடைப்பே இல்லாதபோதும் நீர் திணறி இறங்குவதும், களக் களக் என்று ஒலி எழுவதும், பின்னர் நாற்றம் வருவதும் காற்றுக் குழாயின் குறையைக் காட்டும். நீர் குழாயினுள் விரையும்போது அதன் முன்னுள்ள காற்று விலகவும், பின்னே காற்று நுழையவும் வழி வேண்டும். கூரைக்கு மேல் திறந்திருக்க வேண்டிய இக்குழாயைச் செலவு கருதி விட்டுவிடுவதும், அடுத்த மாடி எழுப்பும்போது அடைத்துவிடுவதும் வாடகைக் கட்டடங்களில் காணப்படும் குறைகள்.

குழாயின் சாய்வும் அவ்வாறே. நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி வீதம் சாய்வு வேண்டுமென்பது பொதுவான அளவு. 8 மீட்டர் நீளமுள்ள குழாயின் ஒரு முனை மற்றதைவிட 20 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நிரப்பிய மண் பின்னர் அமிழ்ந்து, குழாயின் நடுப்பகுதி தொய்ந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கழிவு அங்கே தங்கும். எத்தனை முறை அடைப்பு எடுத்தாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வரும் வீடுகளில் இதை ஐயுறவேண்டும். தோண்டிச் சீராக்குவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

தொட்டி நிறைந்துவிட்டதா?

செப்டிக் தொட்டியைப் பற்றி மக்களிடையே நிலவும் ஒரு தவறான எண்ணத்தை இங்கு நீக்கவேண்டும். மூடியைத் திறந்து பார்த்து, நீர் நிறைந்திருக்கக் கண்டவுடன் தொட்டி நிறைந்துவிட்டது என்று முடிவு செய்கின்றனர். செப்டிக் தொட்டி எப்போதும் நீர் நிறைந்தே இருக்கும். அதுவே அதன் அமைப்பு. கழிவு உள்ளே வரும் அளவுக்குத் தெளிந்த நீர் மறுபுறம் உறிஞ்சு குழிக்கு வெளியேறுகிறது. அடியில் வண்டலும் மேலே மிதக்கும் ஏடும் தங்குகின்றன.

பார்க்க வேண்டியது, உட்புகும் குழாயோடு ஒப்பிட்ட நீர்மட்டம். வெளியேறும் குழாயைவிட உட்புகும் குழாய் சில சென்டிமீட்டர் உயரத்தில் வைக்கப்பட்டிருக்கும். நீர்மட்டம் உட்புகும் குழாயின் அடிக்குக் கீழே நின்றால் தொட்டி முறையாக இயங்குகிறது. அடைப்பு வீட்டுப் பக்கத்திலோ உட்புகும் குழாயின் வாயிலோ உள்ளது. இந்நிலையில் லாரியை அழைத்து உறிஞ்சினாலும் குறை தீராது. நீர்மட்டம் உட்புகும் குழாயை மூழ்கடித்து நின்றால், வெளியேறும் வழியோ உறிஞ்சு குழியோ அடைபட்டிருக்கிறது. மழைக்காலத்தில் மண் நீரேறி நிற்கும்போது இது தற்காலிகமாகவும் நிகழலாம். வண்டலின் கனத்தை அறிய, வெள்ளைத் துணி சுற்றிய நீண்ட கோலை மேலிருந்தபடியே அடிவரை விட்டு எடுத்தால் கறுத்த பகுதி அளவைக் காட்டிவிடும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை வண்டலை அகற்றுவது நல்லது. திறக்கும்போது தீக்குச்சி கிழிப்பதோ புகைபிடிப்பதோ கூடாது. உள்ளிருக்கும் மீத்தேன் வாயு தீப்பற்றக்கூடியது.

சுற்றுக் கிராமங்களில் இரட்டைக் குழிக் கழிப்பறை உள்ள வீடுகளில் நிலைமை எளிது. 1970-இல் பிந்தேஷ்வர் பாடக் நிறுவிய சுலப் அமைப்பு பரப்பிய இவ்வகையில், கோப்பை 25 முதல் 28 பாகை வரை செங்குத்தாகச் சரிந்திருப்பதாலும், டிராப்பில் நீர் 20 மில்லிமீட்டர் மட்டுமே நிற்பதாலும் 2 லிட்டருக்கு மேற்படாத நீரே போதும். இங்கு நீர் தேங்கினால், இரு குழிகளுக்கும் வழி பிரியும் சிறு சேம்பரை முதலில் துப்புரவு செய்யவேண்டும். அதன் பின்னும் தேங்கினால் பயன்பாட்டிலுள்ள குழி நிறைந்துவிட்டது. வழியை மறு குழிக்கு மாற்றிவிடலாம். இவ்வமைப்பிலுள்ள கோப்பையைக் கழற்றி, அழகு கருதித் தட்டையான கோப்பையை வைத்தால் 2 லிட்டர் நீர் போதாமற்போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோப்பையும் தொட்டியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்னும் இப்பாடத்தை அமெரிக்காவும் சிரமப்பட்டே கற்றது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கு ஒரு தடவைக்கான நீர் சுமார் 6 லிட்டராகக் குறைக்கப்பட்டபோது, பழைய கோப்பை வடிவங்களிலேயே குறைந்த நீர் விடப்பட்டதால் மக்கள் இருமுறை அழுத்த நேர்ந்தது; புகார்கள் குவிந்தன. 2003 முதல் சோயா விழுதை எடைபோட்டுக் கோப்பைக்குள் இட்டு, எத்தனை கிராம் ஒரே தடவையில் வெளியேறுகிறது என்று அளக்கும் சோதனை அங்கு வழக்கத்திற்கு வந்தது. வேடிக்கையாகத் தோன்றினாலும் வாங்குவோருக்கு மிகப் பயனுள்ள சோதனை இது. நம் நாட்டுக் கடைகளில் நிறத்தையும் பளபளப்பையும் விசாரிக்கும் அளவுக்கு இதை யாரும் விசாரிப்பதில்லை.

தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது

உறிஞ்சு லாரி வந்த பின்னும் அடியில் இறுகிய வண்டல் எஞ்சினால், ஒருவரை உள்ளே இறக்கி மண்வெட்டியால் வாரும் வழக்கம் பல ஊர்களில் உயிர்களைப் பறித்துள்ளது. செப்டிக் தொட்டிக்குள் பிராணவாயு குறைவு. அங்குள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, செறிவு மிகும்போது முகரும் உணர்வையே மழுங்கச் செய்கிறது. ஆகவே நாற்றம் இல்லை என்று எண்ணி இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுகிறார். அவரைக் காக்க இறங்கும் இரண்டாமவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இருவர் மூவர் இறந்த செய்திகள் இவ்வாறே நேர்ந்தவை.

2013-ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகளும் முன்னெச்சரிக்கைகளும் இன்றிச் சாக்கடையையோ செப்டிக் தொட்டியையோ துப்புரவு செய்ய எவரையும் அமர்த்துவதைத் தடை செய்கிறது. உள்ளாட்சி அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டுமின்றி எந்த நபருக்கும், அதாவது வீட்டுக்காரருக்கும், இத்தடை பொருந்தும். முதல் குற்றத்திற்கே இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். இத்தகைய சாவுகளுக்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2014-இல் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. இறங்குபவர் பெரும்பாலும் வாடகைக்கு இருப்பவரோ வீட்டுச் சொந்தக்காரரோ அல்லர். நாட்கூலிக்கு வந்த ஏழை. வண்டல் இறுகியிருந்தால், நீரைப் பீய்ச்சிக் கலக்கி மீண்டும் உறிஞ்சுவதே செய்யத்தக்கது. அதற்கு இன்னொரு மணி நேரமும் சிறிது கூடுதல் கட்டணமும் ஆகும்.

லாரி எடுத்துச் செல்லும் கழிவு எங்கே போகிறது என்று கேட்பதும் முறையே. ஏரியிலோ வெற்று நிலத்திலோ கொட்டப்பட்டால் அது அதே ஊரின் ஆழ்துளைக் கிணற்றுக்குத் திரும்பக்கூடும். பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில் 2015-இலும், தமிழகத்தின் கருங்குழியில் 2017-இலும் தொடங்கப்பட்ட மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள், சிறிய ஊர்களும் இதற்கு வழிகாண முடியும் என்பதைக் காட்டின. அங்கு கசடு உலர்த்தும் படுகைகளில் நீர் வடிந்து, மட்கி, எருவாகும் நிலையை அடைகிறது.

கட்டடத் திட்டங்களைப் பரிசீலிக்கும் அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிய வீட்டிற்கு அனுமதி வழங்கும்போது சேம்பர்களின் இடம், குழாயின் சாய்வு, காற்றுக் குழாய், லாரியின் குழாய் எட்டும் தொலைவில் செப்டிக் தொட்டியின் திறப்பு ஆகிய நான்கையும் வரைபடத்தில் காட்டச் செய்யலாம். சமையலறைத் தரைக்கு அடியிலோ, மாடிப்படிக்குக் கீழே ஓடு பதித்தோ தொட்டியின் மூடி மறைக்கப்படும் வீடுகளில்தான் பின்னர் ஆளை இறக்கும் நிலை நேருகிறது. ஏற்கெனவே கட்டிய வீட்டில் குடியிருப்போர், மூடிகள் இருக்குமிடத்தை ஒரு தாளில் வரைந்து, கடைசியாக வண்டல் எடுத்த தேதியையும் குறித்து, மின்கட்டண இரசீதுகளோடு வைத்துக்கொள்ளலாம். வாடகை வீடானால் அத்தாள் அடுத்து வருபவருக்கும் உதவும்.